கதவைச் சாத்துவது உண்மை, சாகக் கூடாது என்பது கதை

நீங்கள் பார்த்த வீடியோவில் மூன்று விஷயங்கள் வந்தன என்று எழுதியிருந்தீர்கள். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் யாரும் சாகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். மன்னர் வரும் நாளில் அவர் அனுப்பும் ஆளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்களாம். அன்றைக்கு ஒரு எம்.பி.யை அரண்மனையில் பிணையாக உட்கார வைப்பார்களாம். ‘இதில் எது நிஜம், எது கட்டுக்கதை? நிஜமென்றால் இந்தக் காலத்திலும் ஏன் விடாமல் செய்கிறார்கள்?’ என்பது உங்கள் கேள்வி. முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: முதலாவது கட்டுக்கதை, மற்ற இரண்டும் நிஜம். நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவது பாதியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

சட்டக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் அரசமைப்புச் சட்டம் நடத்தியவன் நான். நம் அரசமைப்பின் 105, 194 ஆகிய பிரிவுகளை நடத்த வேண்டுமானால் லண்டனைத் தொடாமல் முடியாது. எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் உள்ள அவை உரிமைகளைத் தனிச் சட்டம் போட்டு வரையறுக்கும் வரை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு என்னென்ன உரிமைகளோ அவையே இங்கும் என்றுதான் 1950இல் எழுதி வைத்தார்கள். 1978ஆம் ஆண்டின் 44வது திருத்தம்தான் அந்தப் பெயரை அங்கிருந்து எடுத்தது. அதனால் அந்தச் சபையின் பழக்க வழக்கங்களை வருடா வருடம் படித்தாக வேண்டியிருந்தது. ஆனால் நான் சட்டம் படித்தவன். பழைய சுவடிகளைக் கையில் எடுத்து ஆராய்ந்த வரலாற்று ஆய்வாளன் அல்ல. ஒரு வழக்கம் இன்று நடக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அது எதனால் தொடங்கியது என்பதில் சில இடங்களில் ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. 1642 ஜனவரி 4. முதலாம் சார்லஸ் மன்னர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு காமன்ஸ் சபைக்கு வந்தார். ஜான் பிம், ஜான் ஹாம்டன் உட்பட ஐந்து உறுப்பினர்களைத் தேசத்துரோகக் குற்றத்துக்காகக் கைது செய்ய வேண்டும் என்பது திட்டம். ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்து, சபாநாயகரின் நாற்காலியைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டு, அங்கிருந்து சுற்றிலும் பார்த்தார். ஐந்து பேரும் முன்கூட்டியே தகவல் தெரிந்து படகேறிப் போய்விட்டிருந்தார்கள். ‘பறவைகள் பறந்துவிட்டன’ என்றார் மன்னர். அவர்கள் எங்கே என்று சபாநாயகர் வில்லியம் லெந்தாலைக் கேட்டார். லெந்தால் மண்டியிட்டார், ஆனால் பதில் சொல்லவில்லை. இந்த அவை எனக்கு இடும் கட்டளைப்படி அல்லாமல் இந்த இடத்தில் பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் சற்று நிறுத்திவிடுவேன். அதுவரை சபாநாயகர் என்பவர் பெரும்பாலும் அரண்மனையின் ஆள். உயிர் போகலாம் என்ற நிலையில் ஒரு மனிதர் முழங்காலில் நின்றபடி, ‘நான் உங்கள் ஆள் அல்ல, இவர்களுடைய ஆள்’ என்று மன்னரிடம் சொன்ன நாள் அது. அந்த வருடமே உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30 அன்று சார்லஸின் தலை வெட்டப்பட்டது.

அதற்குப் பிறகு சபை கூடியிருக்கும்போது எந்த மன்னரும், எந்த ராணியும் காமன்ஸ் அவைக்குள் கால் வைத்ததில்லை. கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் மன்னர் மேலவையான பிரபுக்கள் சபையில் போய் அமர்வார். காமன்ஸ் உறுப்பினர்களை அழைத்துவர ‘பிளாக் ராட்’ என்ற அதிகாரியை அனுப்புவார். கையில் ஒரு கருங்காலிக் கோல் இருக்கும், பதவிக்கே அதுதான் பெயர். அவர் நெருங்கி வரும்போது கதவு படாரென்று சாத்தப்படும். அவர் அந்தக் கோலால் மூன்று முறை தட்டுவார். பல வருடங்களாகத் தட்டித் தட்டி அந்த மரக்கதவில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. அதன் பிறகுதான் திறப்பார்கள். 2018இல் சாரா கிளார்க் அந்தப் பதவிக்கு வந்தபோது, பல நூற்றாண்டு வரலாற்றில் கதவைத் தட்டிய முதல் பெண் ஆனார். கதவு திறந்ததும் உறுப்பினர்கள் எழுந்து, ஆளும் கட்சிக்காரர் ஒருவரும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவருமாக ஜோடி சேர்ந்து, பேசிக்கொண்டே ஆற அமர நடந்து போவார்கள். அந்த நடையிலும் அர்த்தம் இருக்கிறது: கூப்பிட்டதற்காக ஓடி வரவில்லை, நாங்களாக வருகிறோம்.

வீடியோவில் வராத ஒன்று உண்டு, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். மன்னரின் உரையைக் கேட்டுவிட்டு காமன்ஸ் சபைக்குத் திரும்பியதும், அந்த உரையைப் பற்றிப் பேசத்தான் எல்லோரும் கூடுகிறார்கள். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் வேறொரு மசோதாவை முதல் வாசிப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இரகசியமாக ஆட்களைச் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுவதைத் தடுக்கும் மசோதா என்று அதற்குப் பெயர். பெயரை வாசிப்பதோடு சரி. விவாதம் கிடையாது, அடுத்த கட்டம் கிடையாது, சட்டமாக்கும் நோக்கமும் கிடையாது. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி வரும். மன்னர் எதற்காகக் கூட்டினாரோ அதைப் பேசுவதற்கு முன் எங்கள் சொந்த வேலையைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு என்பதை ஒரு நிமிடத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். சட்டம் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பயன்படுத்தாத உரிமை காலப்போக்கில் இல்லாமல் போகும். ஊரில் பாதை உரிமை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த வழியில் நடந்துவிட்டு வருவார்களே, அது மாதிரி.

பிணை விஷயமும் இதே வகைதான். ஆளும் கட்சிக் கொறடாக்களில் ஒருவருக்கு அரண்மனைத் துணைச் சேம்பர்லேன் என்ற பட்டம் உண்டு. மன்னர் நாடாளுமன்றத்திலிருந்து பத்திரமாகத் திரும்பும் வரை அவர் பக்கிங்ஹாம் அரண்மனையில் இருப்பார். இன்று அது உபசாரத்தோடு நடக்கிற சடங்கு. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையே இல்லாத காலத்தின் மிச்சம். அன்று காலையில் அரண்மனைக் காவலர்கள் பழைய உடையில், கையில் விளக்கோடு நிலவறைகளைச் சோதிப்பதும் உண்டு. நாடாளுமன்றத்தைத் தகர்க்கும் சதியில் 1605 நவம்பர் 5 அன்று கை ஃபாக்ஸ் என்பவர் 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டதன் நினைவு அது. ஃபாக்ஸ் பிடிபட்ட அந்த நிலவறை இன்று இல்லை. உண்மையான பாதுகாப்புச் சோதனையைப் போலீசார் தனியாகச் செய்கிறார்கள்.

சரி, இப்போது சாவு. ‘நாடாளுமன்றத்துக்குள் இறப்பது குற்றம்’ என்று ஒரு சட்டமும் கிடையாது. இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2013இல் இந்த மாதிரி வதந்திகளைத் திரட்டி ஒவ்வொன்றாகச் சோதித்தது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சொல்லிவிட்டது. அரச மாளிகை என்பதால் அங்கே இறப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் சட்டம் என்ற விளக்கத்துக்கும் அடிப்படை இல்லை. பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் 1812 மே 11 அன்று காமன்ஸ் சபையின் முன்கூடத்திலேயே துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். கொலை செய்யப்பட்ட ஒரே பிரிட்டிஷ் பிரதமர் அவர்தான். அவருக்கு அரசு மரியாதையோடு சடங்கு நடக்கவில்லை, குடும்பத்தார் தனிப்பட்ட முறையில் அடக்கம் செய்தார்கள். அதே ஆணையம் இன்னொன்றையும் சரிபார்த்துச் சொன்னது: போர்க்கவசம் அணிந்து நாடாளுமன்றத்துக்குள் வரக் கூடாது என்ற 1313ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. கேட்பதற்கு நம்ப முடியாததாக இருப்பது சட்டமாக இருக்கிறது, எல்லோரும் நம்புவது சட்டமாக இல்லை. அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாள் கதையில் இன்னும் கவனம் வேண்டும். அவையின் தரை விரிப்பில் இருபுறமும் இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. பேசும் உறுப்பினர் தன் பக்கக் கோட்டைத் தாண்டக் கூடாது, இது விதி. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இரண்டு வாள் நீளமும் ஓர் அடியும் இடைவெளி, வாளை உருவினாலும் எதிரே இருப்பவர்மேல் படாமல் இருக்கவே அப்படி என்பார்கள். ஆனால் உறுப்பினர்கள் அவைக்குள் வாளோடு வந்து அமர அனுமதிக்கப்பட்டதாக ஒரு பதிவும் கிடையாது. அதை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் வழக்கம். கோட் மாட்டும் அறையில் ஒவ்வொரு உறுப்பினரின் கொக்கியிலும் வாளைத் தொங்கவிட ஒரு நாடா இன்றும் கட்டியிருக்கிறது. ஆகவே நாடா உண்மை, கோடு உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் காரணத்தை நான் மாணவர்களுக்கு ‘வழிவழியாகச் சொல்லப்படுவது’ என்றே சொல்வேன்.

எதிரெதிராக உட்காருவதற்கு ஓரளவு உறுதியான காரணம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து காமன்ஸ் சபை கூடியது ஒரு தேவாலயத்தில். வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் இருந்த புனித ஸ்டீபன் சிற்றாலயம் அது. பாடகர் குழு உட்காரும் நீண்ட மர இருக்கைகள் இருபுறமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அதிலேயே உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள், அதுவே பழக்கமாகிவிட்டது. 1834 அக்டோபர் 16 அன்று அந்தக் கட்டடம் எரிந்துபோனது. நெருப்புக்குக் காரணம் கணக்குக் குச்சிகள். அரசாங்க வரவு செலவை மரக்குச்சியில் வெட்டுப்போட்டுக் குறித்து வைக்கும் பழைய முறை ஒன்று இருந்தது. அது ஒழிந்ததும், மிஞ்சிக் கிடந்த இரண்டு வண்டி குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் கீழே இருந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள். சூடு தாங்காமல் புகைபோக்கி வழியாக அரண்மனையே பற்றிக்கொண்டது. புதிதாகக் கட்டிய சபையும் 1941 மே 10 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் போனது. மறுபடி கட்டும்போது அரைவட்டமாக, எல்லோருக்கும் இடம் இருக்கும்படி கட்டலாமா என்ற பேச்சு வந்தது. சர்ச்சில் கூடாது என்றார். கட்டடங்களை நாம் உருவாக்குகிறோம், அப்புறம் அவை நம்மை உருவாக்குகின்றன என்று 1943இல் அவர் பேசியது அப்போதுதான்.

அதனால் இன்றும் 650 உறுப்பினர்களுக்கு 427 இடங்கள்தான். நான் முதன்முறை பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தபோது, தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். 68 அடி நீளம், 46 அடி அகலம். நம் ஊரில் நடுத்தரமான கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். பச்சைத் தோல் போர்த்திய நீள பெஞ்சுகள், யாருக்கும் மேசை கிடையாது. உட்கார இடம் வேண்டுமானால் காலையிலேயே வந்து பெயரெழுதிய அட்டையை இடத்தில் வைத்து, சபை தொடங்கும் பிரார்த்தனைக்கும் நேரில் இருக்க வேண்டும். பிரார்த்தனையின்போது எல்லோரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். இதற்கும் வாளைக் காரணம் சொல்வார்கள், இடுப்பில் வாளோடு மண்டியிடப் பெஞ்சுப் பக்கம் திரும்ப வேண்டியிருந்ததாம். இதையும் அந்தச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

அன்று நான் பார்த்த ஒரு வாக்கெடுப்பைச் சொல்ல வேண்டும். கீழே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள், ஒருவர் மீன்பிடி விவகாரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சபாநாயகர் கேள்வியை வைத்தார், இரண்டு பக்கமும் சத்தம் போட்டார்கள், உடனே மணி அடிக்கத் தொடங்கியது. எட்டு நிமிடம் கெடு. கட்டடம் முழுக்க மணி, அக்கம்பக்கத்து மதுக்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும்கூட அந்த மணி உண்டு. கதவுகள் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சிலர் வாயைத் துடைத்துக்கொண்டு. ஆதரவுக்கு ஒரு தாழ்வாரம், எதிர்ப்புக்கு ஒரு தாழ்வாரம். உடம்போடு நடந்து போய்த்தான் வாக்கைப் பதிவு செய்ய வேண்டும். பட்டனை அழுத்தினால் முடிகிற வேலைக்கு இவ்வளவு நேரமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். கட்சிக்காரர்களோடு அமைச்சரும் அதே தாழ்வாரத்தில்தான் நடக்க வேண்டும், தொகுதிப் பிரச்சினையை நேரில் சொல்ல ஒரு சாதாரண உறுப்பினருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது என்றார். அதற்கப்புறம் நான் இந்த முறையைக் குறை சொல்வதில்லை. வாக்குகள் சமமாக வந்தால் சபாநாயகர் தன் வாக்கைத் தன் விருப்பப்படி போட மாட்டார், இருக்கும் நிலை தொடரும்படி போடுவார். 2019 ஏப்ரல் 3 அன்று பிரெக்சிட் விவகாரத்தில் 310க்கு 310 வந்தபோது அப்படித்தான் நடந்தது.

ராஜினாமா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வழக்கங்களிலும் சட்டத்தின் வேலைப்பாடு இதில்தான் நன்றாகத் தெரிகிறது. நம் ஊரில் எம்.பி. ஒரு கடிதத்தைச் சபாநாயகரிடம் கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. காமன்ஸ் உறுப்பினர் ராஜினாமா செய்யவே முடியாது. 1624இல் சபை போட்ட தீர்மானம் அது. உறுப்பினர் பதவியை அந்தக் காலத்தில் சுமையாகத்தான் பார்த்தார்கள், ஊர் அனுப்பிய ஆள் பாதியில் நழுவக் கூடாது. ஆனால் மன்னரிடம் ஆதாயம் தரும் பதவி வாங்கியவர் உறுப்பினராக இருக்க முடியாது என்ற தடை இருந்தது. நம் செய்தித்தாள்களில் ‘ஆதாயம் தரும் பதவி’ என்று அவ்வப்போது அடிபடுகிறதே, அதே தடைதான். ஆகவே விலக விரும்புகிறவர் நிதியமைச்சருக்கு எழுதி, சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பகுதியின் மேலாளர் பதவியைக் கேட்டு வாங்குகிறார். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. வாங்கிய நொடியில் தகுதியிழப்பு. ஒரே சமயத்தில் இரண்டு பேர் விலகினால் நார்த்ஸ்டெட் என்ற இடத்தின் பதவி இன்னொருவருக்கு. 2007இல் டோனி பிளேர், 2016இல் டேவிட் கேமரூன், 2023இல் போரிஸ் ஜான்சன் எல்லோரும் இந்த வழியில்தான் வெளியே போனார்கள்.

மன்னர் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுப்பதை, கூட்டத்தொடரை முடித்துவைக்கும் சடங்கில் இன்றும் பழைய நார்மன் பிரெஞ்சு மொழியில்தான் அறிவிக்கிறார்கள்: ‘லெ ருவா லெ வே’, மன்னர் இதை விரும்புகிறார் என்று பொருள். கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708இல், ராணி ஆன் காலத்தில், ஸ்காட்லாந்தின் படை பற்றிய மசோதாவுக்கு. அவையின் மேசைமேல் தங்க முலாம் பூசிய வெள்ளித் தண்டம் ஒன்று இருக்கும். அது அங்கே இல்லாவிட்டால் சபை நடக்காது. இலங்கை வாசகர்கள் இதைச் செங்கோல் என்றே சொல்வார்கள். கொழும்பில் இருந்த சபைக்குச் செங்கோலைப் பரிசாகக் கொடுத்தது இதே காமன்ஸ் சபைதான், 1949இல். உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்து வென்ற படைத்தலைவர் க்ராம்வெல் 1653இல் நாடாளுமன்றத்தைக் கலைக்க வந்தபோது அன்றிருந்த தண்டத்தைக் காட்டி ‘இந்த விளையாட்டுச் சாமானை எடுத்துப் போங்கள்’ என்றார். அதிகாரத்தைக் கையில் எடுக்க வந்தவர் முதலில் அகற்றச் சொன்ன பொருள்களில் ஒன்று அது.

பழைய நினைவுகளில் கலப்படமும் சேரும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பிரபுக்கள் சபையை நடத்துபவர் நாற்காலியில் உட்காருவதில்லை, கம்பளி திணித்த ஒரு பெரிய சிவப்புத் திண்டில் உட்காருகிறார். நாட்டின் செல்வம் கம்பளி வியாபாரத்திலிருந்து வந்த காலத்தை, மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்தை, நினைவூட்டுவது அது. 1938இல் அதைப் பழுது பார்க்கப் பிரித்தபோது உள்ளே இருந்தது குதிரைமுடி. உடனே காமன்வெல்த் நாடுகளிலிருந்து கம்பளி வரவழைத்துத் திணித்தார்கள். புதிய சபாநாயகர் வர மறுப்பது போல நடிக்க, அவரை நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போகும் சடங்கும் இப்படித்தான். 1394க்கும் 1535க்கும் இடையில் சபாநாயகராக இருந்தவர்களில் ஏழு பேரின் தலை வெட்டப்பட்டது, தாமஸ் மோர் உட்பட. இது சரி. ஆனால் அவர்களில் பலர் போனது பிற்கால அரசியலில், சபாநாயகர் வேலை பார்த்ததற்காக அல்ல. ‘தலை போய்விடும் என்று பயந்துதான் முரண்டு பிடிக்கிறார்கள்’ என்ற விளக்கத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் புதிய சபாநாயகரை அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் அழைத்துப்போய் உட்கார வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் நான் மனதாரப் போற்றுகிறேன், ஆனால் எல்லா மரபையும் அல்ல. அந்த அவையில் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் மாடத்துக்கு முன்னால் கனத்த உலோகக் கிராதி இருந்தது, ஆண்களின் கவனம் சிதறாமல் இருக்க. 1908 அக்டோபரில் வாக்குரிமைப் போராட்டப் பெண்கள் தங்களைச் சங்கிலியால் அந்தக் கிராதியோடு பூட்டிக்கொண்டார்கள். அவர்களை விடுவிக்கக் கிராதியையே பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் அதே போராட்டத்தைச் சேர்ந்த எமிலி டேவிசன் அங்குள்ள நிலவறைத் தேவாலயத்தின் துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள் ஒளிந்திருந்தார், கணக்கெடுப்புப் படிவத்தில் தன் இருப்பிடம் காமன்ஸ் சபை என்று பதிவாக வேண்டும் என்பதற்காக. அந்த அலமாரியில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது. டோனி பென் என்ற உறுப்பினர் தானே கொண்டுபோய் மாட்டியது. கிராதி 1917இல் எடுக்கப்பட்டது.

ஏன் விடவில்லை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இந்தியாவுக்கு இருப்பது போல ஒரே புத்தகமாக எழுதிய அரசமைப்பு அங்கே கிடையாது. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் பெரும்பகுதி நடைமுறையில்தான் நிற்கிறது. நமக்கு ஒரு சந்தேகம் வந்தால் பிரிவு எண்ணைப் புரட்டுவோம். அவர்களுக்கு அந்தக் கதவும், அந்தப் பெயரளவு மசோதாவும், மேசைமேல் இருக்கும் தண்டமும்தான் பிரிவு எண்கள். கதவைச் சாத்தாமல் ஒரு வருடம் விட்டால் சட்டப்படி ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் விட மாட்டார்கள். அதே சமயம் பயன் இல்லாதவற்றை விட்டும் இருக்கிறார்கள். வாக்கெடுப்பு நடக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறவர் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்ற விதி இருந்தது. அதற்காகவே மடக்குத் தொப்பி ஒன்றை அவையில் வைத்திருந்தார்கள். 1998இல் அதை நிறுத்திவிட்டார்கள், யாரும் வருத்தப்படவில்லை.

லண்டன் போகும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விவாதத்தைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமைகளில் சபை வழக்கமாக மதியம் 2:30க்குத் தொடங்கும். கொஞ்சம் முன்னதாகவே போய் நடுக்கூடத்தில் நில்லுங்கள். சபாநாயகர் கறுப்பு அங்கியில், முன்னால் தண்டத்தை ஒருவர் தோளில் தாங்கிவர, ஊர்வலமாக வருவார். அவர் நெருங்கும்போது ஒரு போலீஸ் அதிகாரி கூடமே அதிரும்படி ‘வெளியாட்களே, தொப்பியைக் கழற்றுங்கள்!’ என்று கத்துவார். சுற்றி நிற்கும் காவலர்களும் தங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள்.